டிவி பார்க்க லைசென்ஸ் எதற்கு? பிரிட்டனின் டிவி கட்டணமும் அதன் அரசியலும்

பிரிட்டனில் ஒரு வீட்டுக்குப் புதிதாகக் குடிபோனால், சில வாரங்களிலேயே கதவிடுக்கு வழியாக ஒரு கடிதம் வந்து விழும். உறையின் மேல் பெயர் இருக்காது, ‘சட்டப்படி குடியிருப்பவர்’ என்று மட்டும் இருக்கும். இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லாமல் நேரலையாக டிவி பார்ப்பது குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம் வரலாம் என்று உள்ளே எழுதியிருப்பார்கள். படிக்கப் போன மாணவரும் நர்ஸ் வேலைக்குப் போனவரும் அதைப் படித்துவிட்டுக் கலங்கிப்போவது இயல்புதான். வீட்டில் டிவிப் பெட்டியே இல்லை, பிறகு எதற்கு லைசென்ஸ்?

பிபிசியை நடத்தும் பணத்தில் பெரும்பகுதி இந்த லைசென்ஸிலிருந்துதான் வருகிறது. அதனால் அதே லைசென்ஸ்தான் பிரிட்டிஷ் அரசியலிலும் திரும்பத் திரும்ப வெடிக்கிறது. 2025 நவம்பர் 9 அன்று பிபிசியின் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் ஒரே நாளில் பதவி விலகினார்கள். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆற்றிய உரையில் வெவ்வேறு இடங்களில் வந்த வாசகங்களை பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி ஒட்டவைத்துக் காட்டியதில் தொடங்கிய சர்ச்சை அது. அடுத்த மாதம் டிரம்ப் 1,000 கோடி டாலர் கேட்டு ஃபுளோரிடாவில் வழக்குப் போட்டார். உடனே பிரிட்டனில் எழுந்த கேள்வி, “தோற்றால் யார் பணத்திலிருந்து கொடுப்பார்கள்?” என்பதுதான். லைசென்ஸ் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் தெரியும்.

இந்தக் கட்டணம் என்ன, யார் கட்ட வேண்டும், கட்டாதவருக்கு என்ன ஆகிறது, இதற்கு மாற்று உண்டா என்று அடியிலிருந்து பார்ப்போம்.

லைசென்ஸ் என்றால் எதற்கான அனுமதி?

நம் ஊரில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ரேடியோ வைத்திருப்பவர்கள் வருடாவருடம் தபால் ஆபீசில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன அந்த ஏற்பாட்டை இந்தியா 1980களில் கைவிட்டது. பிரிட்டன் இன்னும் வைத்திருக்கிறது.

பெரும்பாலானோர் இதை ‘பிபிசி பார்க்கும் கட்டணம்’ என்று நினைக்கிறார்கள். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சட்டம் சொல்வது வேறு. 2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டப்படி, டிவி ஒளிபரப்பைப் பெறும் கருவியைப் பொருத்துவதற்கும் பயன்படுத்துவதற்கும்தான் லைசென்ஸ். அதை நடைமுறையில் பிரித்தால் இப்படி வரும்:

1. லைசென்ஸ் வீட்டுக்கு ஒன்று. ஒரே வீட்டில் ஐந்து பேர் ஐந்து டிவி பார்த்தாலும் ஒன்று போதும். தனியாக வாழும் பாட்டிக்கும் அதே தொகை, ஆறு படுக்கையறை மாளிகைக்கும் அதே தொகை. 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டு ஆனது, நம் பணத்தில் ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய். கறுப்பு-வெள்ளை டிவிக்குத் தனி லைசென்ஸ் இன்னும் உண்டு, 2025இல் அது 58.50 பவுண்டு.

2. எந்தச் சேனலின் நேரலைக்கும் வேண்டும். பிபிசியைத் தொடவே மாட்டேன், ஸ்கை மட்டும்தான் பார்ப்பேன், சாட்டிலைட் வழியாகத் தமிழ்ச் சேனல் மட்டும்தான் பார்ப்பேன் என்றாலும் வேண்டும். அமேசான் பிரைமில் ஓடும் கால்பந்து நேரலைக்கும் வேண்டும். ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்க்கிறீர்களா என்பதே கேள்வி. பார்ப்பது டிவியிலா, லேப்டாப்பிலா, போனிலா என்பது கணக்கில் வராது.

3. பிபிசி ஐபிளேயருக்கு எப்போதும் வேண்டும். பிபிசி நிகழ்ச்சிகளைப் பிறகு இணையத்தில் பார்க்க உதவும் தளம் இது. தொடக்கத்தில் பழைய நிகழ்ச்சிகளை லைசென்ஸ் இல்லாமலே பார்க்க முடிந்தது. 2016 செப்டம்பர் 1 முதல் அந்த வழி அடைபட்டது.

4. இவற்றுக்கு வேண்டாம்: நெட்ஃபிளிக்ஸில் வேண்டிய நேரத்தில் பார்க்கும் படம், சாதாரண யூடியூப் வீடியோ, டிவிடி, ரேடியோ. பிபிசி ரேடியோவை நாள் முழுக்கக் கேட்டாலும் ஒரு பைசா கட்ட வேண்டாம். அதன் செலவையும் டிவி லைசென்ஸ்தான் சுமக்கிறது.

சட்டத்தின் நுணுக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு மாணவர் விதி நல்ல உதாரணம். பெற்றோர் வீட்டில் லைசென்ஸ் இருந்தால், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை அதன் கீழேயே லேப்டாப்பில் நேரலை பார்க்கலாம். ஆனால் பார்க்கும்போது அந்த லேப்டாப் பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். சார்ஜரைச் சுவரில் செருகினால் சலுகை போய்விடும்! சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பெற்றோர் இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சலுகை பொருந்தாது. பல பேர் சேர்ந்து தங்கும் வீட்டில் வாடகை ஒப்பந்தம் கூட்டாக ஒன்றுதான் என்றால் ஒரு லைசென்ஸ் போதும், அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்க வேண்டி வரலாம். வாடகைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

சரி, நேரலையும் பார்ப்பதில்லை, ஐபிளேயரும் பார்ப்பதில்லை என்றால்? இணையத்தில் ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று அறிவித்துவிடலாம். கடிதங்கள் நிற்கும். சரிபார்க்க ஆள் வரக்கூடும்.

பத்து ஷில்லிங்கில் தொடங்கியது

1922 நவம்பரில் பத்து ஷில்லிங் ரேடியோ லைசென்ஸாகத் தொடங்கியது இது. பிபிசி அப்போது ஒரு தனியார் கம்பெனி. 1927 ஜனவரி 1 அன்று அரச சாசனம் என்ற அடிப்படை ஆவணத்தின் கீழ் பொது நிறுவனமானது. போர் முடிந்து டிவி மீண்டும் வந்தபோது, 1946இல், 2 பவுண்டுக்கு டிவி லைசென்ஸ் வந்தது. 1968இல் கலர் டிவிக்குத் தனிக் கட்டணம், 1971இல் ரேடியோ லைசென்ஸ் ரத்து.

விளம்பரத்தில் வாழும் ஐடிவி 1955இல்தான் வந்தது. அதுவரை டிவி என்றாலே பிபிசி. அப்போது டிவிப் பெட்டிக்குக் கட்டணம் வாங்குவதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. நூற்றுக்கணக்கான சேனல்களும் ஸ்ட்ரீமிங்கும் வந்த பிறகும் அதே சட்டக் கூடு நிற்பதுதான் இன்றைய சிக்கல்.

கெட்டில் கணக்கு

இப்படி ஒரு கட்டணத்தை மக்கள் இத்தனை காலம் ஏன் சகித்துக்கொண்டார்கள் என்று புரிந்துகொள்ள, மின்சாரத் துறையின் ஒரு கணக்கைப் பார்த்தால் போதும். பிரிட்டனில் எல்லாரும் பார்க்கும் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் டீ போட மின்கெட்டிலை ஆன் செய்வார்கள். மின்தேவை சட்டென்று எகிறும். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்றதும் எகிறிய அளவு 2,800 மெகாவாட். கூடங்குளத்தின் ஒரு உலை 1,000 மெகாவாட் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அளவு புரியும். ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடர் முடிவதை எதிர்பார்த்து மின்வாரியப் பொறியாளர்கள் தயாராக உட்கார்ந்திருப்பார்கள்.

நாடே ஒன்றாக உட்கார்ந்து பார்த்த அந்தப் பழக்கம்தான் கட்டணத்துக்கு நியாயம் கொடுத்தது. கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அரசரின் உரை, அப்புறம் குடும்பத்தோடு ஒரு சிறப்பு நிகழ்ச்சி, தேர்தல் இரவு முழுக்க முடிவுகள் என்று ஒரு வீட்டின் ஆண்டே பிபிசியை ஒட்டி ஓடியது. இன்று இருபது வயதுப் பிள்ளைகள் அப்படி வாழ்வதில்லை. ஒரு காலத்தில் 2.5 கோடிக்கு மேல் இருந்த லைசென்ஸ்களின் எண்ணிக்கை 2024–25இல் ஏறக்குறைய 2 கோடியே 38 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அப்படியும் ஆண்டுக்கு ஏறக்குறைய 380 கோடி பவுண்டு வருகிறது. விளம்பரம் போடாத ஒரு நிறுவனத்துக்கு இது மிகப் பெரிய வருமானம்.

கயிறு யார் கையில்?

பிபிசி அரசு நிறுவனமா என்று பலர் கேட்கிறார்கள். செய்தியில் அரசு தலையிட முடியாது. ஆனால் கட்டணத் தொகையை நிர்ணயிப்பது அரசு. பண்பாட்டுத் துறை அமைச்சர் ஒரு கையெழுத்தில் பிபிசியின் பட்ஜெட்டை இறுக்கலாம். அப்படிச் செய்தும் இருக்கிறார்கள்.

2010இல் கன்சர்வேட்டிவ் கூட்டணி அரசு கட்டணத்தை 145.50 பவுண்டில் நிறுத்தி வைத்தது. 2017 வரை ஏறவில்லை. அதே ஏற்பாட்டில், பிற நாடுகளுக்கான பிபிசி உலக சேவையின் செலவு முதல் வேல்ஸ் மொழிச் சேனலின் செலவு வரை பிபிசி தலையில் ஏற்றப்பட்டது. 2022 ஜனவரியில் அமைச்சர் நதீன் டாரிஸ் 159 பவுண்டில் மேலும் இரண்டு ஆண்டு நிறுத்தினார். அந்த ஆண்டு அக்டோபரில் விலைவாசி உயர்வு 11.1 சதவீதம். வருமானம் அப்படியே நிற்க, செலவு மட்டும் ஏறியது என்று அர்த்தம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது 75 வயதைத் தாண்டியவர்கள் விவகாரம். 2000 நவம்பரில் லேபர் அரசு அவர்களுக்கு லைசென்ஸை இலவசமாக்கியது. பணத்தை அரசே பிபிசிக்குக் கொடுத்தது. 2015இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அந்தச் செலவைப் பிபிசியிடமே தள்ளினார். அந்தச் சுமையை முழுசாகத் தாங்க முடியாமல், 2020 ஆகஸ்ட் 1 முதல் ‘பென்ஷன் கிரெடிட்’ என்ற ஏழை முதியோர் உதவித்தொகை வாங்குவோருக்கு மட்டும் இலவசம் என்று பிபிசி குறுக்கியது. முதியோர் நலன் ஒரு அரசின் கடமை. அதை ஒரு ஒளிபரப்பு நிறுவனத்தின் கணக்கில் எழுதிவிட்டு, நிறுத்தியபோது வந்த கெட்ட பெயரையும் அந்த நிறுவனத்துக்கே விட்டுவிட்டார்கள். உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத முதியவர்கள் நிறைய பேர். அவர்கள் இந்தச் சலுகையையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கும் இந்தக் கயிற்றோடு தொடர்பு உண்டு. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் ஒலிபரப்பு, ‘தமிழோசை’ என்ற பெயரில் இலங்கைப் போர்க்காலத்தில் எத்தனையோ வீடுகளில் இரவுச் செய்தியாக இருந்தது. உலக சேவைக்கான பணத்தை நீண்ட காலம் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை கொடுத்தது. 2014இல் அது லைசென்ஸ் கட்டணத்துக்கு மாறியது. பின்னால் அரசு மானியமும் கொஞ்சம் சேர்ந்தது. இன்று தமிழ், சிங்களம், இந்தி செய்தித்தளங்கள் நடப்பது பெரும்பாலும் மான்செஸ்டரில் ஒரு பஸ் டிரைவர் கட்டுவது போன்ற லைசென்ஸ் பணத்தில்தான்.

கதவைத் திறந்தவர் குற்றவாளி

லைசென்ஸ் இல்லாமல் நேரலை பார்ப்பது பிரிட்டனில் கிரிமினல் குற்றம். மின்கட்டணம் கட்டாவிட்டால் அது கடன் பாக்கி, சிவில் விவகாரம். டிவி லைசென்ஸ் கட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். நடைமுறை இப்படிப் போகும்:

1. லைசென்ஸ் இல்லாத முகவரிக்குக் கடிதங்கள் வரும். பதில் இல்லாவிட்டால் விசாரணை அலுவலர் வீட்டுக்கு வருவார். அவர் போலீஸ் அல்ல, பிபிசிக்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். சோதனை வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய அவருக்கு உரிமை கிடையாது. கதவைத் திறக்காமலும் இருக்கலாம், பேசாமலும் இருக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

2. கதவைத் திறந்தால் வாசலிலேயே கேள்விகள் வரும். டிவி இருக்கிறதா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன சேனல்? பதில்களை ஒரு படிவத்தில் எழுதி, கீழே கையெழுத்து கேட்பார். பெரும்பாலான வழக்குகளில் அந்தக் கையெழுத்துதான் முக்கியச் சாட்சியம்.

3. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கு ‘ஒற்றை மாஜிஸ்திரேட் முறை’யில் முடியும். 2015இல் வந்த ஏற்பாடு இது. ஒரு மாஜிஸ்திரேட், ஒரு சட்ட ஆலோசகர், ஒரு கட்டுக் காகிதம். குற்றம் சாட்டப்பட்டவரும் இல்லை, பத்திரிகையாளரும் இல்லை. தபாலில் வந்த நோட்டீஸுக்குப் பதில் போடாவிட்டாலும் தீர்ப்பு வந்துவிடும்.

4. அபராதத்தோடு வழக்குச் செலவும் சேரும். லைசென்ஸ் இல்லாததற்காக யாரையும் நேரடியாகச் சிறைக்கு அனுப்ப முடியாது. அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் அனுப்பலாம்.

இந்த வழக்குகளில் தண்டிக்கப்படுபவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். பெண்கள்தான் சட்டத்தை அதிகம் மீறுகிறார்களா? இல்லவே இல்லை. லைசென்ஸ் வீட்டுக்கானது, வழக்கோ தனி மனிதர் மேல் வருகிறது. பகலில் கதவு தட்டப்படும்போது வீட்டில் இருப்பவர் யார்? கைக்குழந்தையோடு இருக்கும் தாய், பகுதிநேர வேலை பார்ப்பவர், பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். கதவைத் திறப்பவரே கையெழுத்துப் போடுகிறார், கையெழுத்துப் போட்டவர் மேல் வழக்கு வருகிறது. 2017இல் பிபிசியே இந்த வித்தியாசத்தை ஆராய்ந்தது. ஏறக்குறைய இதே காரணங்களைத்தான் அதுவும் சொன்னது. காரணம் தெரிந்தும் இந்த முறை இன்னும் தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணம் கட்டும் முறையிலும் ஏழைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மாதத் தவணையில் புதிதாகச் சேர்பவர் முதல் லைசென்ஸின் முழுத் தொகையையும் ஆறு மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். 2025 கட்டணப்படி மாதத்துக்கு ஏறக்குறைய 29 பவுண்டு. பிறகுதான் பன்னிரண்டு மாதமாகப் பிரியும். ஒரேயடியாகக் கட்ட முடியாமல்தானே தவணைக்கே வருகிறார்? நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இப்போது எளிய தவணைத் திட்டம் ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் வரும் முன்பே அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மாற்று வழிகள்

பிபிசிக்கு வேறு எப்படிப் பணம் கொடுக்கலாம் என்ற கேள்வி 1980களிலேயே வந்துவிட்டது. மார்கரெட் தாட்சருக்கு விளம்பரம் போடும் பிபிசி வேண்டியிருந்தது. அவர் அமைத்த பீகாக் குழு 1986இல் விளம்பரம் வேண்டாம் என்றே அறிக்கை கொடுத்தது. பொதுவாகப் பேசப்படும் வழிகள் நான்கு.

1. விளம்பரம். விளம்பரப் பணம் ஒரே குளம்தான். பிபிசி அதில் இறங்கினால் ஐடிவியும் சேனல் 4உம் முதலில் வற்றும். பிபிசியின் எதிரிகளே இதைப் பெரிதாக விரும்புவதில்லை.

2. சந்தா. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி விரும்பியவர் கட்டட்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆன்டெனா வழியாக வரும் இலவச டிவிக்குப் பூட்டு கிடையாது, ரேடியோவைப் பூட்டவே முடியாது. தவிர, சந்தாவில் வாழும் நிறுவனம் சந்தாதாரர் விரும்புவதைத்தான் எடுக்கும். ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கான கேலிக் மொழி நிகழ்ச்சிக்கும், கிராமத்து உள்ளூர் ரேடியோவுக்கும் சந்தாக் கணக்கில் இடமில்லை.

3. பொது வரியிலிருந்து. பிரான்ஸ் 2022இல் 138 யூரோ கட்டணத்தை ரத்து செய்துவிட்டு இந்த வழிக்குப் போனது. வசூல் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அரசு கை வைக்கலாம். மேலே பார்த்த கயிறு இன்னும் குட்டையாகும்.

4. வீட்டுக்கு வீடு கட்டணம். ஜெர்மனி 2013 முதல் டிவி இருக்கிறதா இல்லையா என்று கேட்பதே இல்லை. எல்லா வீட்டுக்கும் கட்டணம், 2021 முதல் மாதம் 18.36 யூரோ. அரசு உதவித்தொகையில் வாழ்வோர் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். ஃபின்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், வருமானத்துக்கு ஏற்ப வசூலிக்கிறது.

இந்த நான்கில் ஃபின்லாந்து வழிதான் நேர்மையானது என்று நினைக்கிறேன். ரேடியோ கேட்பவரும் இணையத்தில் செய்தி படிப்பவரும் எப்படியும் பிபிசியைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாரும் பயன்படுத்துவதற்கு எல்லாரும் அவரவர் சக்திக்கேற்பக் கொடுக்கட்டும். வாசலில் நின்று “கடைசியாக எப்போது டிவி பார்த்தீர்கள்?” என்று கேட்க ஆள் தேவைப்படாது. பிரிட்டனில் இதற்கு ஒரே தடை, ‘புதிய வரி’ என்ற சொல்லை எந்தக் கட்சியும் வாயெடுத்துச் சொல்லத் தயங்குவது. தேசியப் புள்ளிவிவர அலுவலகமோ 2006லேயே லைசென்ஸ் கட்டணத்தை வரி என்று வகைப்படுத்திவிட்டது.

2027 டிசம்பர் 31

பிபிசியின் இப்போதைய அரச சாசனம் அன்றோடு முடிகிறது. அடுத்த சாசனத்துக்கான கலந்தாய்வு அறிக்கையை 2025 டிசம்பரில் பண்பாட்டுத் துறை வெளியிட்டது. விளம்பரம், சந்தா, கட்டணச் சீர்திருத்தம் எல்லாமே அதில் பரிசீலனைக்கு வந்திருக்கின்றன. டேவியின் விலகலும் டிரம்பின் வழக்கும் இந்தப் பேரம் தொடங்கும் வேளையில் வந்ததால்தான் ஒரு நிகழ்ச்சியின் எடிட்டிங் தவறு இத்தனை பெரிய அரசியல் ஆனது.

பணம் எங்கிருந்து வரும் என்பதில் கட்சிகள் ஒத்துப்போக நாளாகும். குற்றம் என்ற முத்திரையை நீக்க அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. 2003 சட்டத்தின் 363ஆம் பிரிவைத் திருத்தி, பாக்கியை மின்கட்டணப் பாக்கி போல சிவில் கடனாக்கினால் போதும். 2020இல் அரசு இதைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டது. வசூல் குறையும் என்ற அச்சம் இருந்தது, சிவில் வசூலில் ஏழைகளுக்குச் செலவு கூடலாம் என்ற கவலையும் இருந்தது. 2021 ஜனவரியில் இப்போதைக்கு மாற்றமில்லை என்று முடிவானது. அந்த முடிவின்படிதான் மாஜிஸ்திரேட்டுகள் ஆளில்லாத அறையில் அந்தக் காகிதக் கட்டுகளை இன்றும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.